ஆப்பிள் தட்டோடு வந்த ஏஜென்ட்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் தன் தொழிலைச் சொன்னால், அதைப் புரிந்துகொள்ளாமல் விடமாட்டார்கள். புரியவில்லை என்றால் தங்களுக்குப் புரிந்த ஏதாவது ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். நான் புதுக்கோட்டையில் 'பேட்டன்ட் ஏஜென்ட்' என்று பலகை மாட்டிய முதல் மாதத்திலேயே, பக்கத்துக் கடைக்காரர் பாலிசி எத்தனை வருடம் என்று கேட்டார். இலுப்பூரிலிருந்து ஒருவர் தன் மகனுடைய பாஸ்போர்ட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்து, "தம்பியைத் துபாய்க்கு வேணாம் சார், கத்தாருக்கு அனுப்புங்க, அங்கிட்டு நம்ம சொந்தக்காரவுக இருக்காக" என்றார். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கத்தாரு வேலையை நீங்க பாக்குறதில்லையா?" என்று எழுந்து போனார். என் மாமியார் மட்டும் விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். "மாப்ள கோர்ட்டுக்குப் போகாத வக்கீலு" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவைத்தார். அதில் இருந்த வருத்தம் எனக்கும் புரிந்தது.

பலகையைக் கழற்றி இப்போது ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் கல்லூரிகளில் கருவியே செய்யாமல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். தரப்பட்டியலில் மதிப்பெண் கிடைக்கிறதாம். எழுதுகிற வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது என்று ஓர் இளம் பேராசிரியர் பெருமையாகச் சொன்னார். கடைசியில் ஒரு பெண், "சார், உங்களால மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்டார். மேடையில் இருந்த மரியாதையைக் காப்பாற்ற, ஏதோ ஒரு பெரிய வால்வு கம்பெனி வழக்கைச் சொல்லிச் சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது பொய். மறக்க முடியாத வழக்கு ஒரு காதணி விழாவில் ஆரம்பித்தது. அதில் என் கையில் ஆப்பிள் தட்டு இருந்தது.

முதலில் நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை. திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் மெக்கானிக்கல் என்ஜினியராக இருந்தேன். குழாய் வளைக்கும்போது நழுவாமல் பிடிக்க ஒரு கிளாம்ப் செய்தேன். நன்றாகவே பிடித்தது. ஆயுத பூஜை அன்று பொரி வாங்க வந்த அத்தனை பேருக்கும் அதை இயக்கிக் காட்டினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். பெட்டியைத் திறந்தால் என் கிளாம்ப். பச்சை பெயின்ட் அடித்து, 'காப்புரிமை பெற்றது' என்று தகடு ஒட்டியிருந்தார்கள். அதை எங்கள் கம்பெனியே வாங்கியது. பயன்படுத்தும் முறையை எனக்கு அந்தப் பிரதிநிதி வகுப்பெடுத்தார். அதைத் தடுக்க வழி இருந்தது என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சைக்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை, என்ஜினியரிங் பட்டம் போதும் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி, "மகளுக்குப் பன்னெண்டாவது, ஒங்களுக்கு இது. ஒரு வீட்டுல ரெண்டு பரீட்சை. ரெண்டு பேருக்கும் சேத்தே பால் ஆத்திடுறேன்" என்றாள். மகள் தேறினாள். நான் அடுத்த வருடம் தேறினேன்.

பயிற்சிக்குச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். என் மேலதிகாரி சாருமதி மேடத்துக்கு அப்போது முப்பத்தொரு வயது. குரலை உயர்த்த மாட்டார். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'சார்' வந்தாலே நான் எழுதியதில் பாதி போகப்போகிறது என்று அர்த்தம். கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எழுதுவதற்கு அவர் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அடிப்பதற்கு மட்டும்தான்.

முதல் நாள் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். "இப்ப நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியை நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு வச்சுக்குங்க சார். எது உங்களோடதுன்னு எழுதுங்க" என்றார். நான் பத்தொன்பது வருட அனுபவத்தைக் கொட்டி இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு கால்கள், காலின் விட்டம், மரத்தின் வகை, எத்தனை கிலோ தாங்கும், முதுகு எத்தனை டிகிரி சாய்ந்தால் இடுப்பு வலிக்காது என்பது வரை. அவர் படித்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார்."

"தேங்க்ஸ் மேடம்."

"நான் மூணு கால் வச்சு ஒரு நாற்காலி செஞ்சு உங்க வீட்டு வாசல்லயே விக்கிறேன். என்னை எப்படிப் பிடிப்பீங்க?"

பிடிக்க முடியாது. நான் நான்கு கால் என்று எழுதியிருந்தேன். மரம் என்றும் எழுதியிருந்ததால், இரும்பில் செய்தவனையும் பிடிக்க முடியாது. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் என் வேலியை ஓர் அடி உள்ளே தள்ளி நட்டிருந்தது. மேடம் பென்சிலை எடுத்து இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு ஒரு வரியை மிச்சம் வைத்தார். அந்த ஒரு வரிக்குள் உலகத்து நாற்காலி எல்லாம் உட்கார்ந்திருந்தது. என்ஜினியர் தன் பொருள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லத் துடிப்பவன். இந்தத் தொழிலில் அதை யாரும் கேட்பதில்லை. எது உன்னுடையது, எங்கே வரை உன்னுடையது, இதற்கு முன் யாரும் பார்க்காததுதானா, இவ்வளவுதான்.

மேடத்திடம் இன்னொரு விதி இருந்தது. "டேட்டை முதல்ல பிடிங்க சார். அழகை அப்புறம் பாத்துக்கலாம்." ஒரு பொருள் வந்தால் அன்றைக்கே நாலு பக்கத்தில் ஒரு தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுத் தேதியை வாங்கிவிட வேண்டும். முழுசாக எழுதிக் கொடுக்க ஒரு வருடம் அவகாசம் உண்டு. விண்ணப்பத் தேதிக்கு முன்னால் பொருள் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதிதல்ல. செய்தவனே காட்டியிருந்தாலும் புதிதல்ல. இதை மூன்று வருடம் காதில் வாங்கிக்கொண்டுதான் புதுக்கோட்டைக்கு வந்து பலகை மாட்டினேன்.

செல்லத்துரை அதற்குச் சில வருடம் கழித்து வந்தான். இலுப்பூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவன் தங்கை தனலெட்சுமி வல்லத்திராக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, அங்கே முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை செய்துவந்தாள். கொட்டையின் ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் வெந்து தோல் உரியும். அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்து செல்லத்துரை ஒரு கருவி செய்திருந்தான். கைப்பிடியை அழுத்தினால் இரண்டு கத்திகள் கொட்டையைப் பிளக்கும். அதற்கு முன்னாலும் அப்படிக் கருவிகள் இருந்தன. ஆனால் அவற்றில் கொட்டையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இவன் ஒரு ஸ்பிரிங் கிண்ணம் வைத்திருந்தான். பெரிய கொட்டையோ சின்னக் கொட்டையோ, போட்டால் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பார்த்ததும் எனக்குள் இருந்த என்ஜினியர் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கே நாலு பக்கம் எழுதிப் போட்டிருக்க வேண்டும். நான் நாலு மாதம் எழுதினேன். ஸ்பிரிங்கின் விசையைக் கணக்குப் போட்டேன். கத்தியின் கோணத்துக்கு மூன்று படம் வரைந்தேன். இதைவிட அழகான விவரணை இந்தியாவிலேயே இருக்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. செல்லத்துரை வாரம் ஒரு தடவை போன் செய்து, "ஆயிருச்சா சார்?" என்பான். "ஆயிக்கிட்டே இருக்கு" என்பேன்.

நாலாவது மாதம் வெற்றிலை பாக்கோடு வந்தான். தங்கை மகளுக்குக் காதணி விழா. எங்கள் பக்கம் காதணி விழாவில் குழந்தைக்குக் காது குத்துவது ஒரு நிமிட வேலை. மீதி நேரம் முழுக்கத் தாய்மாமனுக்குத்தான். ஊர் எல்லையிலிருந்து மேளதாளத்தோடு அவன் சீர் கொண்டு வருவான். தட்டு தட்டாகப் பழம், பட்டு, பாத்திரம், மாலை போட்ட ஆட்டுக்கிடா. எத்தனை தட்டு என்பது அடுத்த காதணி விழா வரைக்கும் பேசப்படும். வரவேற்கும் ஃப்ளெக்ஸில் குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"சார், சீருல மெஷினையும் கொண்டாரேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செல்லத்துரை, யாருகிட்டயும் காட்டக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"காட்டுறது இல்ல சார். பட்டுத்துணி போத்தித்தான் வண்டியில ஏத்துறேன். தெறந்து கொண்டாந்தா கண்ணு பட்டுரும்ல?"

சட்டத்தில் ரகசியம் காக்க என்னென்னவோ வழி சொல்லியிருக்கிறார்கள். திருஷ்டிக்குப் பயந்து துணி போர்த்துவது அதையெல்லாம் விட உறுதி என்று அப்போது நினைத்தேன். நிம்மதியாக விழாவுக்குப் போனேன். ஊர் எல்லையில் சீர் கிளம்பும்போது யாரோ, "சார் வெறுங்கையா வாராரு பாரு, ஒரு தட்டைக் குடுங்கப்பா" என்றார்கள். ஆப்பிள் அடுக்கிய தட்டு என் கைக்கு வந்தது. எனக்குப் பின்னால் குட்டி யானை வண்டியில், பட்டு போர்த்தி ரோஜா மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கருவி வந்தது. முன்னால் பறை, நடுவில் நான். உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பந்தலுக்கு வந்து தட்டை வைத்ததும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் பந்தலில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. செல்லத்துரையும் சொல்லவில்லை.

அடுத்த பத்து நாளில் அவன் ஒரு புதுப் படத்தோடு வந்தான். கருவிக்கு மேலே ஒரு தகர மூடி இருந்தது. கைப்பிடி இறங்கும்போது கூடவே இறங்கிக் கொட்டையை மூடும். ஏறும்போது கூடவே திறந்துகொள்ளும். எண்ணெய் வெளியே தெறிக்காமல் கீழே சாம்பல் பரப்பிய தட்டில் வடியும். "ஒரு மூடி சேத்திருக்கேன் சார்" என்றான். நான் அதை ஐந்தாவது படமாக வரைந்து, எதெல்லாம் எங்களுடையது என்று வரிசைப்படுத்தும் உரிமைக் கோரிக்கைகளில் ஏழாவதாகச் சேர்த்தேன். சாப்பாட்டு இலையில் ஓரத்தில் ஊறுகாய் வைப்பதைப் போலத்தான் வைத்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் செல்லத்துரை பெயரை எழுதி, விழா முடிந்த பதின்மூன்றாம் நாள் விண்ணப்பத்தைப் போட்டேன்.

சில வருடம் கழித்து, காப்புரிமை கொடுக்கக் கூடாது என்று எதிர்ப்பு மனு வந்தது. மேற்கு மாவட்டத்தில் இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனி. செல்லத்துரையின் கருவியை அச்சு அசலாகச் செய்து ஏற்கெனவே தங்கள் விற்பனைப் புத்தகத்தில் போட்டுவிட்டார்கள். காப்புரிமை கிடைத்தால் நிறுத்த வேண்டும். கிடைக்காவிட்டால் அவன் கருவியை அவன் ஊரிலேயே அவர்கள் பெயரில் விற்பார்கள். பட்டறைக்குப் பக்கத்துக் கடையிலேயே ஒன்று வந்து இறங்கியிருந்தது. செல்லத்துரை அதைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து என் அலுவலகத்தில் உட்கார்ந்தான்.

மனுவோடு ஒரு சாட்சியம் வைத்திருந்தார்கள். யூடியூப் வீடியோ. விழாவுக்கு வந்த வீடியோக்காரர் அன்று மாலையே போட்டிருக்கிறார். நான் திறந்து பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஆப்பிள் தட்டோடு, பறைக்குத் தலையை ஆட்டியபடி ஒருவர் வருகிறார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அது போகட்டும், பட்டுதான் போர்த்தியிருக்கிறதே என்று தைரியமாக மேலே பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் பந்தல். தாய்மாமன் கருவிக்குச் சூடம் காட்டுகிறான். பட்டை எடுக்கிறான். கூட்டத்தில் ஒரு குரல், "ஓட்டிக் காட்டுப்பா!" என்கிறது. கை நிறைய முந்திரிக் கொட்டை வருகிறது. மைக்செட்காரர் ஆரம்பிக்கிறார்: "அன்பார்ந்த பெரியோர்களே, நமது தாய்மாமன் அவர்கள் தங்கச்சி கை நோகக் கூடாதுன்னு செஞ்ச மெஷினைப் பாருங்க! இந்தா, கொட்டையைப் போட்டாச்சு. கிண்ணம் தானா இறுக்கிப் பிடிக்குது பாருங்க, உள்ள ஸ்பிரிங்கு! இந்தா அழுத்துறாரு, ரெண்டு பக்கமும் கத்தி!" நான் நாலு மாதமாக எழுதியதை அவர் நாற்பது விநாடியில் சொல்லி முடித்துவிட்டார். மேடத்திடம் பயிற்சி பெற்றிருந்தால் நல்ல ஏஜென்டாக வந்திருப்பார். அந்த நேரம் நான் இரண்டாவது தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் தெறந்தீங்க?" என்று செல்லத்துரையிடம் கத்தினேன்.

"சார், அத்தனை சனம் நிக்கிது. போத்தி வச்சிட்டுப் போனா, உள்ள பழைய தையல் மெஷினு இருக்குன்னு பேசுவாய்ங்க. தாய்மாமன் மானம் என்னாவுறது?" பிறகு கொஞ்சம் யோசித்து, "வீடியோ தேதி தப்புன்னு சொல்லிருவமா?" என்றான்.

"அதுல நானே இருக்கேன்யா!"

"நீங்க இல்லைன்னு சொல்லிருங்க சார். வேட்டி கட்டுனா எல்லாரும் ஒரே மாதிரித்தானே இருக்கம்?"

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கிளாம்ப்பை இழந்தவன் நான். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. நாலு பக்கம் எழுதி நாலு மாதம் முன்னாலேயே போட்டிருந்தால், அவன் மெஷினைத் தேரில் வைத்து இழுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தவறு அவனுடையது இல்லை, என்னுடையது. வெட்கத்தை விட்டு மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சார், நீங்க ஆப்பிள் தட்டு மட்டும்தானே தூக்கினீங்க?"

"ஆமா மேடம்."

"சரி, மெஷினைத் தூக்கலை." பென்சிலால் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. "வீடியோவில இருக்கிறதை எல்லாம் உங்க பேப்பர்ல அடிச்சிருங்க. அடிச்சப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க."

வீடியோவையும் என் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன். கிண்ணம் போனது. ஸ்பிரிங் போனது. கத்தி, கோணம், நான் கணக்குப் போட்ட விசை, எல்லாம் போனது. ஐந்தாவது படம் மட்டும் நின்றது. தகர மூடி. வீடியோவில் அது இல்லை. விழாவுக்குப் பிறகு வந்தது.

செல்லத்துரைக்குப் போன் செய்து, அந்த மூடியை எப்படி யோசித்தீர்கள், தேதி, வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "அது சும்மா ஒரு தகரம் சார்" என்றான். மறுபடி கேட்டேன். "அதை எதுக்கு சார் நோண்டுறீங்க?" என்றான். அந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலை வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன்.

தனலெட்சுமி கொட்டகையில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். சீரில் வந்த அதே கருவி. "வாங்க சார், இங்கிட்டு நெழல்ல உக்காருங்க" என்றாள். மூடியைப் பற்றிக் கேட்டதும் சிரித்தாள்.

"அண்ணன் மெஷினு நல்ல மெஷினுதான். ஆனா உடைக்கிறப்ப பீச்சியடிச்சுச்சு. மொத நாளே கண்ணுக்குக் கிட்ட வந்துருச்சு. அண்ணங்கிட்ட கொறை சொன்னா வெசனப்படும். அத்தனை பேரு முன்னாடி குடுத்த சீரு. அதான் நெய் டின்னை வெட்டி, பழைய சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டி, இவரு வேலைக்குப் போனப்ப நானா ஒரு மூடி வச்சேன். மூணு தடவை சரியா வரலை. நாலாவது தடவை வந்துச்சு."

"யாராவது பாத்தாங்களா?"

"இங்க யாரு சார் பாக்குறா? நான் உடைக்கிறதை யாரு நின்னு பாக்கப் போறாக? ஒரு வாரம் கழிச்சு அண்ணன் வந்து பாத்துச்சு. போட்டோ எடுத்துக்கிட்டுப் போச்சு."

நான் கொஞ்ச நேரம் அந்தப் பிரேக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியோடு மூடியை இணைத்திருந்த இடத்தில் ஒரு சின்னச் சுருள் விட்டிருந்தாள். கம்பி தளர்ந்தாலும் மூடி சரியான நேரத்தில் விழும். பத்தொன்பது வருடம் என்ஜினியராக இருந்த எனக்கு அது தோன்றியிருக்காது. பறை அடித்து, மாலை போட்டு, மைக் வைத்துக் காட்டிய அத்தனையும் சட்டத்தின் கண்ணில் பழசாகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்காத கொட்டகையில் அவள் செய்தது மட்டும்தான் புதிது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

சாயங்காலம் செல்லத்துரை வந்தான். மூவரும் உட்கார்ந்தோம். கண்டுபிடித்தவர் பெயரைத் திருத்தாமல் மூடியை மட்டும் வைத்து வாதாடினால் அது பொய் என்று சொன்னேன்.

"எந்தங்கச்சி சார். எம்பேரைப் போட்டா அவ பேரைப் போட்ட மாதிரித்தானே?"

"அவங்க பேரைப் போட்டாலும் ஒங்க பேரைப் போட்ட மாதிரித்தானே? அப்படியே செஞ்சிருவமா?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் குடுத்த சீரு அது. அதுல ஒரு தகரத்தை ஒட்டுனா அவ கண்டுபிடிச்சதாயிருமா?"

"ஒட்டுன தகரம்தான் இப்ப மிஞ்சியிருக்கு செல்லத்துரை. மத்ததை எல்லாம் நீங்க ஊருக்குக் குடுத்துட்டீங்க."

அவன் எழுந்து கருவியைச் சுற்றி வந்தான். மூடியை இரண்டு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தான். "பீச்சியடிச்சுச்சுன்னு எங்கிட்ட சொல்லலையேத்தா" என்றான். தனலெட்சுமி, "எப்படிண்ணே சொல்றது?" என்றாள். அவளுடைய பழைய தழும்பு விழுந்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம் திரும்பி, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றான்.

அவனுக்கு முன்னால் அவள் போட வேண்டியிருந்தது. காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பெயர், நாடு, முகவரி. அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் பேரு எங்க சார் எழுதணும்?"

"கேக்கலைம்மா."

"எங்க அப்பா பேரு?"

"அதுவும் கேக்கலை."

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. "ரேசன் கார்டுலேருந்து ஆசுபத்திரி சீட்டு வரைக்கும் கேப்பாக. அப்ப இதுக்கு யாரு பொறுப்பு?"

"நீங்கதாம்மா."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக.

விசாரணை வீடியோ கான்பரன்சில் நடந்தது. கம்பெனி வக்கீல் திரையில் படத்தை ஓட்டினார். இரண்டாவது நிமிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரி திரையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அந்த ஆப்பிளோட இருக்கிறவர்..."

"நான்தான் சார்."

"விண்ணப்பதாரரின் ஏஜென்டா?"

"ஆமாம் சார். அன்றைக்குத் தட்டு தூக்குபவனாகவும் இருந்தேன்."

கம்பெனி வக்கீல் சிரித்தார். வீடியோவில் காட்டப்பட்டது அத்தனையும் உண்மை, நாங்கள் மறுக்கவில்லை, அவற்றை விட்டுவிடுகிறோம் என்று சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. அவர் ஒரு மணி நேரம் வாதாட எடுத்துவந்த வாதத்தை நான் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டதில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. முதல் கோரிக்கையில் மூடியைச் சேர்த்துச் சுருக்கிக்கொள்கிறோம், கண்டுபிடித்தவராகத் தனலெட்சுமியின் பெயரைச் சேர்க்க மனுப் போட்டிருக்கிறோம் என்றேன். அவர் உடனே தன் பக்கம் படங்களைப் புரட்டினார். அவர்கள் விற்கும் கருவியிலும் அதே மூடி இருந்தது. விண்ணப்பம் போட்ட பிறகு செல்லத்துரை செய்து விற்ற கருவியைப் பார்த்து மூடியையும் சேர்த்தே காப்பியடித்திருந்தார்கள். வீடியோவைப் பார்த்து மட்டும் காப்பியடித்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

சில மாதத்தில் காப்புரிமை வந்தது. வேலி சின்னதுதான். ஆனால் அவர்கள் கருவி அதற்குள்தான் நின்றது. பக்கத்துக் கடையிலிருந்து அந்த மெஷின் போய்விட்டது. செல்லத்துரை இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தான். தங்கை படம் பெரிதாக, கையெடுத்துக் கும்பிட்டபடி. அவன் படம் மூலையில் சின்னதாக. எங்கள் ஊரில் ஒரு தாய்மாமன் தன் படத்தைச் சின்னதாகப் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மேடத்துக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "நல்லது சார். அதில் புதுசா எதுவும் வரைஞ்சு வைக்கலையே?" என்று பதில் வந்தது.

போன வருடம் நான் பலகையைக் கழற்றிய வாரத்தில் தனலெட்சுமி போன் செய்தாள். "சார், ஒரு சாமான் செஞ்சிருக்கேன். ஒரு எட்டு வந்துட்டுப் போறீகளா?" என்றாள். ஓய்வு பெற்றுவிட்டேன், வேறு நல்ல ஆளைச் சொல்கிறேன் என்று நேரிலேயே சொல்லிவிடலாம் என்று போனேன். கொட்டகையில் இடுப்பு உயரத்துக்கு ஏதோ ஒன்று பழைய புடவை போர்த்தி நின்றது. கீழே நான்கு கால்கள் தெரிகின்றனவா என்று பார்த்தேன். அதுவும் தெரியாதபடி தரை வரைக்கும் போர்த்தியிருந்தாள்.

புடவை ஓரத்தைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"இருங்க சார்." அவள் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மடிந்து மஞ்சளாகிப்போன ஒரு தாளை எடுத்தாள். செல்லத்துரை முதல் முதலாக வந்தபோது, பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரகசியக் காப்பு உறுதிமொழி. அவன் படிக்காமல் பீரோவில் போட்டிருக்கிறான். அவள் படித்திருக்கிறாள். அதைப் பார்த்துத் தன் கையாலேயே புதிதாக ஒன்று எழுதி வைத்திருந்தாள். அதில் என் பெயர் இருந்தது.

"மொதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க."

"எம்மேலேயே சந்தேகமாம்மா?"

"சந்தேகம் எல்லாம் இல்ல சார். ஆனா அன்னிக்கு ஆப்பிள் தட்டைத் தூக்கிக்கிட்டு முன்னாடி வந்தவரு நீங்கதானே?"

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்ல வந்தவன், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப என்னிடமே நீட்டினாள்.

"தேதியையும் போடுங்க சார். அதுதான் முக்கியமாம்ல?"